உள்நச்சு ஆய்வின் வரலாறு: பெர்லின் முதல் சென்னை வரை

தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்று மருந்துக்கு மசியாத தொற்றுகளை உண்டாக்கும் பாக்டீரியாக்களுள் ஈ. கோலை, கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் ஆகிய நான்கும் முன்வரிசையில் நிற்கின்றன. இவை எல்லாமே ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல என்றாலும், தம்மைச் சுற்றி இவை கட்டிக்கொள்ளும் அரண் ஒரே வகையானது: மெல்லிய செல்சுவர், அதற்கு வெளியே மேலும் ஒரு சவ்வு, அச்சவ்வின் வெளிப்புறமெங்கும் கொழுப்பும் சர்க்கரைகளும் பிணைந்து உருவான லிப்போபாலிசாக்கரைடு என்னும் பொருள். இப்பொருளைச் சவ்வில் ஊன்றி நிறுத்தும் கொழுப்புப் பகுதிக்கு லிப்பிட் ஏ என்று பெயர். பாக்டீரியா உள்ளே நுழைந்துவிட்டதை மனித உடல் உணர்ந்துகொண்டு அழற்சியைத் தொடங்குவது பெரும்பாலும் இந்த லிப்பிட் ஏ-யைக் கண்டுதான்; பிற மருந்துகள் எல்லாம் தோற்றபின் மருத்துவர் கையிலெடுக்கும் கொலிஸ்டின் சென்று பற்றுவதும் இதே லிப்பிட் ஏ-யைத்தான். அழற்சியை ஆராய்ந்தவர்களும் பாக்டீரியாக் கொல்லி மருந்துகளை ஆராய்ந்தவர்களும் ஒரே மூலக்கூறை இரு பக்கங்களிலிருந்து பல பத்தாண்டுகள் அணுகிவந்தார்கள் என்பதும், அவர்களை ஒரே கேள்வியின் முன் கொண்டுவந்து நிறுத்தியது மருந்தெதிர்ப்பு என்பதும், நவீன மருத்துவ வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஒரு பகுதியாகும்.

இவ்வகைப் பாக்டீரியாக்கள் தனிப் பிரிவாக அறியப்பட்டதே ஒரு சாய முறையின் வழியாகத்தான். டென்மார்க் நாட்டு மருத்துவரான ஹான்ஸ் கிறிஸ்தியன் கிராம், பெர்லின் நகர மருத்துவமனையின் பிணவறையில் கார்ல் ஃபிரீட்லாண்டர் என்னும் நோயியலாளருடன் பணியாற்றிவந்தபோது, நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாவை மட்டும் தனித்துக் காட்டும் வழியொன்றைத் தேடினார். திசுவின் மெல்லிய சீவல்களை ஊதாச் சாயத்தில் ஊறவைத்து, அயோடின் கரைசலில் தோய்த்து, பிறகு ஆல்கஹாலில் கழுவியபோது திசு முழுவதும் நிறமிழந்து வெளுக்க, சில பாக்டீரியாக்கள் மட்டும் அடர் ஊதா நிறத்தோடு தங்கின. டைஃபாய்டு பாக்டீரியா போன்றவையோ திசுவோடு சேர்ந்து தாமும் வெளுத்தன. 1884-இல் இதனை வெளியிட்ட கிராம், தமது முறை இன்னும் குறைபாடுடையது என்றே எழுதினார். வெளுத்துப்போனவற்றின் செல்சுவர் மெலிந்தது என்பதும், அதற்கு வெளியே கொழுப்பாலான இரண்டாம் சவ்வு இருப்பதால் ஆல்கஹால் அதைக் கரைத்துச் சாயத்தை வெளியேற்றிவிடுகிறது என்பதும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் காலத்தில்தான் தெளிவாயின. ஆகவே கிராம்-நெகட்டிவ் என்று இன்று ஒவ்வொரு ஆய்வக அறிக்கையிலும் இடம்பெறும் சொல், லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருளே அறியப்படாத காலத்தில் அதன் இருப்பைச் சுட்டிவிட்ட சொல்லாகும்.

அதே பெர்லினில், ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில், ரிச்சர்டு ஃபைஃபர் காலராவை ஆராய்ந்துகொண்டிருந்தார். எகிப்திலும் கல்கத்தாவிலும் 1883-84-இல் கோக் இனங்கண்ட காலரா பாக்டீரியா எவ்வாறு ஆளைக் கொல்கிறது என்பது அப்போது விடை தெரியாத கேள்வியாக இருந்தது. தொண்டை அடைப்பான் பாக்டீரியா ஒரு நஞ்சை வெளியே சுரக்கிறது என்று 1888-இல் பாரிஸில் ரூவும் யெர்சினும் காட்டியிருந்ததாலும், அந்நஞ்சுக்கு மாற்றாகக் குருதிநீரைப் பயன்படுத்தலாம் என்று 1890-இல் பேரிங்கும் கிடாசாட்டோவும் நிறுவியிருந்ததாலும், எல்லாத் தொற்றுநோய்களிலும் அத்தகைய சுரப்பு நஞ்சு ஒன்று இருக்கும் என்ற எதிர்பார்ப்பு ஓங்கியிருந்தது. ஃபைஃபர் கண்டது வேறு: வெப்பத்தால் கொல்லப்பட்ட காலரா பாக்டீரியாவைச் செலுத்தினாலும் கினிப்பன்றிகள் உடல் குளிர்ந்து, சரிந்து, மடிந்தன. செத்த பாக்டீரியா எதையும் சுரக்க இயலாது; எனவே நஞ்சு அதன் உடலிலேயே அடங்கியிருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, 1892-இல் அவர் உள்நச்சு என்னும் கருத்தை முன்வைத்தார். அந்நஞ்சு செல்லின் உட்பகுதியில் இருப்பதாக அவர் எண்ணியது பிழையாயிற்று, ஏனெனில் அது இருப்பது வெளிச்சவ்வில். காலராவின் உயிர்க்கொல்லி வயிற்றுப்போக்குக்கு உண்மையான காரணம் ஒரு சுரப்பு நஞ்சே என்பதையும் 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் தே, முயல்களின் குடலில் செய்த சோதனைகளால் நிறுவினார். இருந்தும், வெப்பத்துக்கு அழியாத ஒரு நஞ்சு பாக்டீரியாவின் உடற்கட்டிலேயே உள்ளது என்ற ஃபைஃபரின் அடிப்படைக் கருத்து நின்று நிலைத்தது. காலராவைக் காட்டிலும் பிற நோய்களுக்கே அது மிகுதியாகப் பொருந்தியது.

உள்நச்சும் காய்ச்சலும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை இத்தாலியரான யூஜெனியோ சென்டானி 1890-களிலேயே உணர்ந்திருந்தார். நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி அதே பத்தாண்டில் பாக்டீரியாச் சாறுகளைப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திக் கடுங்காய்ச்சலை வரவழைத்தார். சில கட்டிகள் சுருங்கின, பல சுருங்கவில்லை. நரம்பு வழி ஊசிகள் பெருகத் தொடங்கியபின், காய்ச்சி வடித்த நீரில் கரைத்த மருந்தைச் செலுத்தினாலும் நோயாளிகளுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. அந்நீரில் தங்கிவிட்ட பாக்டீரியாப் பொருள்களே காரணம் என்று 1923-இல் ஃபுளோரன்ஸ் சீபெர்ட் என்னும் அமெரிக்க உயிர்வேதியியலாளர் காட்டினார். ஊசிமருந்துத் தொழிலின் ஒழுங்கே இதன்மேல் எழுந்தது எனலாம்: 1942 முதல் அமெரிக்க மருந்து நெறிநூல் ஊசிமருந்துகளை முயல்களில் சோதிக்கப் பணித்தது, 1977-க்குப் பின் உள்நச்சு பட்டவுடன் உறையும் குதிரைலாட நண்டின் குருதிச்சாறு முயல்களின் இடத்தைப் பிடிக்கலாயிற்று. நரம்பில் ஏறும் குளுக்கோஸ் பாட்டில் ஒவ்வொன்றும் இன்று காய்ச்சல் தராமல் இருப்பதற்கு இந்த நீண்ட உழைப்பே காரணம்.

உள்நச்சு என்பது எந்தப் பொருள் என்ற வேதியியல் கேள்வியோ ஃபைஃபருக்குப் பின் அறுபது ஆண்டுகள் விடையின்றிக் கிடந்தது. ஜெர்மானியரான ஓட்டோ வெஸ்ட்ஃபாலும் ஓட்டோ லூடெரிட்ஸும் 1950-களின் தொடக்கத்தில் கண்ட பிரித்தெடுப்பு முறை அதற்கு வழிதிறந்தது. உலர்ந்த பாக்டீரியாவைச் சம அளவு நீரும் ஃபீனாலும் கலந்த கலவையில், 68 டிகிரி அளவுக்குச் சூடேற்றிக் கலக்கினால் எல்லாம் ஒரே கரைசலாகின்றன. அதைக் குளிர்வித்துச் சுழற்றினால் மேலே நீர், கீழே ஃபீனால் என்று இரண்டு அடுக்குகள் பிரிகின்றன. புரதங்கள் ஃபீனாலில் இறங்க, லிப்போபாலிசாக்கரைடு நீரில் தங்குகிறது. இத்தனை எளிய முறை எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஆய்வகங்களில் கைக்கொள்ளப்படுகிறது. அவ்வாறு கிடைத்த பொருளை அமிலத்தால் சிதைத்தபோது, நீரில் கரையாத கொழுப்புப் பகுதி தனியே படிந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர்தான் லிப்பிட் ஏ. ஃபிரைபர்க் நகரின் மாக்ஸ் பிளாங்க் நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் இப்பணி பின்னர்த் தொடர்ந்தது. நஞ்சின் ஆற்றல் முழுவதும் அக்கொழுப்பில்தான் உள்ளது என்ற அவர்களின் கூற்றைப் பலர் ஏற்கவில்லை. சுத்திகரிப்பில் ஏதேனும் மாசு ஒட்டியிருக்கலாம் என்பது அவர்களின் ஐயம். அந்த ஐயத்தை நீக்கியது ஜப்பானின் ஒசாகாவில் நடந்த பணி. இரண்டு குளுக்கோசமின் சர்க்கரைகள், அவற்றில் இரண்டு பாஸ்பேட்டுகள், ஆறு கொழுப்பு அமிலச் சங்கிலிகள் என்று ஈ. கோலையின் லிப்பிட் ஏ அமைப்பு 1983 வாக்கில் தெளிவானதும், டெட்சுவோ ஷிபாவும் ஷோயிச்சி குசுமோட்டோவும் சார்ந்த குழு அதை 1985-இல் வேதிப்பொருள்களிலிருந்தே செயற்கையாக உருவாக்கியது. எந்தப் பாக்டீரியாவிலிருந்தும் பெறப்படாத அந்தப் பொருள் இயற்கை உள்நச்சு செய்ததையெல்லாம் செய்தது.

இதற்கிடையே உள்நச்சை நஞ்சு என்று அழைப்பதே சரியா என்ற ஐயம் ஒரு சுண்டெலி இனத்தால் எழுந்திருந்தது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட சி3எச்/எச்இஜே என்னும் எலிகள், பிற எலிகளைக் கொல்லும் அளவு உள்நச்சைச் செலுத்தினாலும் பிழைத்துக்கொண்டன என்று 1965-இல் அறியவந்தது. நஞ்சைத் தாங்கும் இந்த எலிகளே, சால்மொனெல்லா பாக்டீரியா உயிரோடு உடலில் நுழைந்தால் மற்ற எலிகளை விட எளிதில் இறந்தன. இவ்விரு உண்மைகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அழற்சியின் இரட்டை இயல்பு விளங்குகிறது: உள்நச்சை உணராத உடல் அதனால் மடியாது, ஆனால் பாக்டீரியாவின் வரவையும் அது அறியாது. மேலும் 1980-இல், இந்த எலிகளுக்கும் உறவான சாதாரண எலிகளுக்கும் இடையே எலும்பு மஜ்ஜையை மாற்றிப் பொருத்தியபோது, உள்நச்சால் சாவதா பிழைப்பதா என்பது மஜ்ஜையிலிருந்து பிறக்கும் வெள்ளணுக்களையே பொறுத்தது என்பது புலனாயிற்று. லிப்பிட் ஏ தானாக எந்த உறுப்பையும் சிதைப்பதில்லை. அதைக் கண்ட வெள்ளணுக்கள் வெளியிடும் பொருள்களே உடலைச் சரியவைக்கின்றன. அவற்றுள் முதன்மையானது டி.என்.எஃப். என்னும் புரதம்; 1975-இல் கட்டிகளை அழிப்பதாக நியூயார்க்கில் இனங்காணப்பட்ட அதே புரதம்தான் நோயாளியை உருக்குலைப்பதும் என்று 1985-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பாய்ட்லரும் ஆந்தனி செராமியும் காட்டினர்.

டி.என்.எஃப். போன்ற புரதங்களின் மரபணுக்கள் வெள்ளணுவில் எப்போதும் இருப்பவை. உள்நச்சு பட்ட சில நிமிடங்களில் அவற்றை எது முடுக்கிவிடுகிறது என்பதே அடுத்த கேள்வி. அதற்கான விடை அதைத் தேடாத ஓர் ஆய்வகத்திலிருந்து வந்தது. மாசசூசெட்ஸில் டேவிட் பால்ட்டிமோரின் ஆய்வகத்தில் ரஞ்சன் சென், எதிர்ப்பொருள் புரதத்தின் கப்பா என்னும் பகுதிக்குரிய மரபணுவை எது இயக்குகிறது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அம்மரபணுவின் அருகே டி.என்.ஏ.-வில் வந்து ஒட்டும் ஒரு புரதத்தைக் கண்டார். 1986-இல் வெளியான அக்கண்டுபிடிப்பு என்.எஃப்.-கப்பா-பி என்னும் பெயரைப் பெற்றது. அதே ஆண்டில் வெளியான இரண்டாம் கட்டுரைதான் அழற்சி ஆய்வின் திருப்பம். இப்புரதத்தின் செயல் தென்படாத ஒரு செல்வகையில் லிப்போபாலிசாக்கரைடைச் சேர்த்தபோது அச்செயல் உடனே தோன்றியது; செல்லில் புதுப் புரதம் எதுவும் உருவாகாதபடி தடுத்து வைத்தபோதும் தோன்றியது. அப்படியானால் அது ஏற்கெனவே செல்லில் ஆயத்தமாக இருந்து, ஏதோ ஒன்றால் அடக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அடக்கும் புரதமான ஐ-கப்பா-பி 1988-இல் கண்டறியப்பட்டது.

இப்பொறிமுறை இன்று பாடநூல்களில் இவ்வாறு விளக்கப்படுகிறது. அமைதியான செல்லில் என்.எஃப்.-கப்பா-பி, ஐ-கப்பா-பியுடன் பிணைந்து உட்கருவுக்கு வெளியே கிடக்கிறது. செல்லின் புறத்தில் லிப்பிட் ஏ உணரப்பட்டதும் உள்ளே நொதிகள் ஒன்றையொன்று தூண்டி, இறுதியில் ஐ-கப்பா-பியின்மீது பாஸ்பேட்டை ஏற்றுகின்றன; அவ்வாறு குறியிடப்பட்ட ஐ-கப்பா-பி செல்லின் கழிவுப் புரதங்களை நொறுக்கும் அமைப்பில் அழிகிறது; விடுபட்ட என்.எஃப்.-கப்பா-பி உட்கருவினுள் புகுந்து, டி.என்.ஏ.-வில் தனக்குரிய பத்துக் கார நீளமுள்ள இடங்களில் ஒட்டி, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 முதலிய பற்பல மரபணுக்களைப் படியெடுக்கவைக்கிறது. அது முடுக்கிவிடும் மரபணுக்களுள் ஐ-கப்பா-பியின் மரபணுவும் ஒன்று என்பதே இதில் மிகவும் வியக்கத்தக்கது: எழுப்பப்பட்ட அழற்சி தன்னை அடக்கும் புரதத்தையும் தானே உற்பத்தி செய்துகொண்டு ஓய்கிறது. ஓய்வதற்கான இந்த ஏற்பாடு தவறும்போது ஏற்படுவதே செப்சிஸ் என்னும் பெருங்கேட்டின் ஒரு முகம். குருதியழுத்தம் வீழ்வதும், நுண்குழல்களில் குருதி உறைவதும், சிறுநீரகம் செயலிழப்பதும் அதன் தொடர்ச்சிகளே.

செல்லின் புறத்தே லிப்பிட் ஏ-யை உணர்வது எது என்பது மட்டும் எஞ்சியது. பாய்ட்லர் டல்லஸில் தமது குழுவோடு 1993 முதல் அந்தச் சி3எச்/எச்இஜே எலிகளின் குரோமோசோமில் பழுதான மரபணுவைத் தேடினார். எலிகளை ஆயிரக்கணக்கில் இணைசேர்த்து, பழுது இருக்கும் பகுதியைத் தலைமுறை தலைமுறையாகக் குறுக்கிக்கொண்டே செல்லும் பொறுமையான வேலை அது. 1998-இல் தேடல் டி.எல்.ஆர்.-4 என்னும் மரபணுவில் முடிந்தது. அந்த எலிகளில் அதன் புரதத்தின் 712-ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஹிஸ்டிடின் இருந்தது. இதே குடும்ப மரபணுவான டால், பழ ஈக்களைப் பூஞ்சைத் தொற்றிலிருந்து காக்கிறது என்று 1996-இல் ஸ்ட்ராஸ்பூரில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் குழு காட்டியிருந்தது. அதன் மனித வடிவம் என்.எஃப்.-கப்பா-பியைத் தூண்டுகிறது என்று 1997-இல் யேல் பல்கலைக்கழகத்தில் மெஜிட்டோவும் ஜேன்வேயும் நிறுவியிருந்தனர். பாய்ட்லரும் ஹாஃப்மனும் 2011-இல் ரால்ஃப் ஸ்டைன்மனோடு நோபல் பரிசைப் பகிர்ந்தனர். நுண்ணுயிரிகளின் பொதுவடிவங்களை உடல் பிறவியிலேயே அறியும் என்று 1989-இலேயே கருத்துரைத்த சார்லஸ் ஜேன்வே 2003-இல் மறைந்துவிட்டதால் அப்பரிசில் இடம்பெறவில்லை; இத்துறைக்கு அவர் அளித்த சிந்தனை ஒரு பரிசின் அளவுக்குள் அடங்குவதன்று. 2009-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் டி.எல்.ஆர்.-4-இன் படிகத்தை ஆராய்ந்து, லிப்பிட் ஏ-யின் ஆறு சங்கிலிகளில் ஐந்து எம்.டி.-2 என்னும் துணைப்புரதத்தின் குழிக்குள் இறங்க, ஆறாவது வெளியே தங்கி இரண்டு உணர்விகளை ஒன்றாகப் பிணைக்கிறது என்று கண்டனர். ஆறு சங்கிலியுள்ள லிப்பிட் ஏ அழற்சியைக் கடுமையாகத் தூண்ட, நான்கு சங்கிலியுள்ளது ஏன் வலுவிழக்கிறது என்ற பழைய புதிருக்கு அதில் விடை இருந்தது.

இத்தனை அறிவும் செப்சிஸ் நோயாளியை உடனே காக்கவில்லை. லிப்பிட் ஏ-யை முடக்கும் எதிர்ப்பொருள் மருந்தொன்று 1990-களின் தொடக்கத்தில் தோல்வியடைந்து கைவிடப்பட்டது, டி.எல்.ஆர்.-4-ஐ அடைக்கும் எரிட்டோரான் பெரிய ஆய்வில் இறப்பைக் குறைக்கவில்லை என்று 2013-இல் வெளியாயிற்று. டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்துகளோ முடக்குவாதத்தில் பெரும் வெற்றி கண்டன. நோயாளி தீவிர சிகிச்சைக்கு வரும்போது அழற்சியின் முதல் மணித்துளிகள் கடந்துவிட்டிருக்கும் என்பது இத்தோல்விகளுக்குக் கூறப்படும் விளக்கங்களுள் வலுவானது. எனவே கிராம்-நெகட்டிவ் தொற்றில் உயிரைக் காக்கும் பொறுப்பு பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தின்மீதே தங்கியது.

அம்மருந்துகளுள் பாலிமிக்சின்கள் என்னும் குடும்பம் 1947-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தனிக் குழுக்களால் மண் பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்டது. அதே காலத்தில் ஜப்பானில் கண்டெடுக்கப்பட்டதே கொலிஸ்டின். நேர்மின்னேற்றமுள்ள வளைய வடிவ மூலக்கூறான இது, லிப்பிட் ஏ-யின் எதிர்மின்னேற்றமுள்ள இரு பாஸ்பேட்டுகளைப் பற்றி, வழக்கமாக அவற்றைப் பிணைத்து நிற்கும் மக்னீசியத்தையும் கால்சியத்தையும் விலக்கி, வெளிச்சவ்வை நெகிழ்த்தி உள்ளே புகுகிறது. சிறுநீரகத்தையும் நரம்பையும் அது பாதித்ததால், பாதுகாப்பான மருந்துகள் வந்த 1970-களில் மனித மருத்துவம் அதை ஏறத்தாழக் கைவிட்டது. விலங்குப் பண்ணைகள் கைவிடவில்லை. பன்றிகளும் கோழிகளும் விரைந்து எடை கூடுவதற்காகத் தீவனத்தில் அது கலக்கப்பட்டது. அழற்சி ஆய்வாளர்களின் கையில் பாலிமிக்சினுக்கு மூன்றாவது பயன் இருந்தது: தங்கள் சோதனைக் குடுவையில் உள்நச்சு மாசு இருக்குமோ என்ற ஐயம் எழும்போதெல்லாம் ஒரு துளி பாலிமிக்சின்-பி சேர்த்து லிப்பிட் ஏ-யை அடக்கிப் பார்ப்பது அவர்களின் வழக்கம். ஒரே மூலக்கூறை மருத்துவர் மறந்தும், பண்ணையாளர் வாரி இறைத்தும், ஆய்வாளர் அளந்தும் பயன்படுத்திய அந்த முப்பது ஆண்டுகளில், இம்மூவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டிருந்தால் பின்னாள் இழப்புகள் குறைந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

கொலிஸ்டின் மருத்துவமனைக்குத் திரும்பவேண்டிய நிலையை உலகுக்கு உணர்த்தியதில் சென்னைக்கு முக்கிய இடம் உண்டு. கார்பபீனம் என்னும் வலிய மருந்துகளைச் சிதைக்கும் என்.டி.எம்.-1 நொதி, இந்தியாவில் சிகிச்சை பெற்றிருந்த ஒரு நோயாளியிடம் முதலில் ஸ்வீடனில் கண்டறியப்பட்டு 2009-இல் அறிவிக்கப்பட்டது. அது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி மருத்துவ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக, பிரிட்டிஷ் ஆய்வாளர்களோடு இணைந்து 2010-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் எழுதிய கட்டுரை காட்டியது: சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 பாக்டீரியா மாதிரிகளில் அந்நொதி இருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை டைஜிசைக்ளின், கொலிஸ்டின் ஆகிய இரண்டுக்கு மட்டுமே கட்டுப்பட்டன. டெல்லியின் பெயரை அந்நொதிக்கு இட்டது குறித்து எழுந்த அரசியல் கொந்தளிப்பில் கட்டுரையின் உள்ளடக்கம் பல மாதங்கள் மறைந்துபோனது வருந்தத்தக்கது. ஏனெனில் அடுத்த ஆண்டே டெல்லியில் எடுக்கப்பட்ட 171 தேங்குநீர் மாதிரிகளில் 51-லும், 50 குழாய்நீர் மாதிரிகளில் 2-லும் அதே மரபணு காணப்பட்டது. 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, டாக்டர் அப்துல் கஃபூரின் ஒருங்கிணைப்பில் உருவாக்கிய சென்னைப் பிரகடனம், சீட்டின்றி மருந்து விற்பதைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தும் நடைமுறைத் திட்டத்தை முன்வைத்தது. வலிய எதிருயிரி மருந்துகள் பலவற்றின் விற்பனையைப் பதிவேட்டில் குறிக்கப் பணிக்கும் எச்-1 அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

கொலிஸ்டினுக்கு எதிரான அடியோ பண்ணையிலிருந்து வந்தது. ஷாங்காய் அருகே ஒரு பன்றியிடமிருந்து எடுத்த ஈ. கோலையில், லிப்பிட் ஏ-யின் பாஸ்பேட்டில் பாஸ்போஎத்தனாலமின் என்னும் சிறு பொருளை ஒட்டவைத்து அதன் எதிர்மின்னேற்றத்தைக் குறைக்கும் நொதியைச் சீன ஆய்வாளர்கள் கண்டு 2015 நவம்பரில் வெளியிட்டனர். அதற்குரிய எம்.சி.ஆர்.-1 மரபணு, பாக்டீரியாக்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருந்ததே பேரச்சத்துக்குக் காரணம். 804 விலங்குகளில் 166-லும், 523 இறைச்சி மாதிரிகளில் 78-லும், தொற்றுற்ற 1,322 நோயாளிகளில் 16 பேரிடமும் அது தென்பட்டது. பழைய சேமிப்புகளைத் தேடியபோது 1980-களின் கோழிகளிலும் அது இருந்தது. சீனா 2017-இல் தீவனக் கொலிஸ்டினைத் தடைசெய்தபின், பன்றிகளின் ஈ. கோலையில் கொலிஸ்டின் எதிர்ப்பு மூன்றிலொரு பங்கிலிருந்து சுமார் 5 விழுக்காட்டுக்குக் குறைந்தது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளில் அதைத் தடைசெய்தது. எனினும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டதைப் போன்ற ஆய்வுகள், இந்திய நோயாளிகளின் குருதியில் கண்ட கொலிஸ்டின் எதிர்ப்புக் கிளெப்சியெல்லாவில் எதிர்ப்புக்குக் காரணம் பெரும்பாலும் பாக்டீரியாவின் சொந்தக் குரோமோசோமில் நேர்ந்த மாற்றங்களே என்று காட்டின. பண்ணைத் தடை இதற்குத் தனியே மருந்தாகாது. மருத்துவமனையில் கொலிஸ்டின் பயன்படும் முறையையே அது கேள்விக்குள்ளாக்குகிறது.

அந்தக் குரோமோசோம் மாற்றங்கள் நிகழும் இடத்தில்தான் இரு ஆய்வு மரபுகளும் சந்திக்கின்றன. சால்மொனெல்லா வெள்ளணுவால் விழுங்கப்படும்போது, மக்னீசியக் குறைவையும் அமிலத்தையும் உணரும் ஃபோ-பி, ஃபோ-க்யூ என்னும் மரபணுக் கட்டுப்பாட்டு இணை லிப்பிட் ஏ-யைத் திருத்தியமைக்கிறது. அவ்வாறு திருத்தப்பட்ட லிப்பிட் ஏ மனித வெள்ளணுக்களில் டி.என்.எஃப். உற்பத்தியைக் குறைத்தது என்று சியாட்டிலில் சாமுவேல் மில்லரின் குழு 1997-இல் காட்டியது. கிளெப்சியெல்லாவில் இந்த இணையை அடக்கிவைக்கும் சிறு மரபணு பழுதாவதே கொலிஸ்டின் எதிர்ப்பின் பொதுவான வழி. ஆக, உடலின் கண்ணுக்குத் தப்புவதற்காகப் பாக்டீரியா பரிணாமத்தில் பெற்ற ஏற்பாடே மருந்துக்குத் தப்பவும் உதவுகிறது. கொள்ளைநோய்ப் பாக்டீரியாவான யெர்சினியா இதில் தேர்ந்தது: தெள்ளுப்பூச்சியின் குளிர்ந்த உடலில் ஆறு சங்கிலி லிப்பிட் ஏ-யை உருவாக்கும் அது, 37 டிகிரி மனித உடலில் பெரும்பாலும் நான்கு சங்கிலியே உருவாக்கி டி.எல்.ஆர்.-4-ஐ ஏமாற்றுகிறது, அந்த வெப்பத்திலும் ஆறு சங்கிலி உருவாக்குமாறு ஈ. கோலை மரபணுவொன்றைப் புகுத்தியபோது அது எலிகளைக் கொல்லும் திறனை இழந்தது என்று 2006-இல் வெளியாயிற்று.

தப்புவதற்கு விலையும் உண்டு. எம்.சி.ஆர்.-1 மிகுதியாகச் செயல்படும் ஈ. கோலை மெதுவாக வளர்கிறது, அதன் சவ்வு சீர்குலைகிறது, அதன் லிப்போபாலிசாக்கரைடு இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். இரண்டையும் குறைவாகவே தூண்டுகிறது என்று 2017-இல் அறியப்பட்டது. அசினெட்டோபாக்டர் இன்னும் தீவிரமாகச் சென்று, லிப்பிட் ஏ-யைக் கட்டும் தொடக்க மரபணுக்களையே இழந்து லிப்போபாலிசாக்கரைடே இல்லாமல் வாழ்வதை 2010-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டனர். பற்றிக்கொள்ள ஏதுமில்லாததால் கொலிஸ்டின் அதைத் தொடுவதில்லை. ஆனால் அரண் இழந்த அந்தப் பாக்டீரியாவினுள், வழக்கமாக நுழைய இயலாத வேறு மருந்துகள் நுழைந்துவிடுகின்றன. 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட சோசுராபால்பின் என்னும் புதிய மருந்து குறிவைப்பதும் இதே லிப்போபாலிசாக்கரைடின் பாதையைத்தான்: லிப்போபாலிசாக்கரைடை உட்சவ்விலிருந்து வெளிச்சவ்வுக்குச் சுமந்துசெல்லும் புரத அமைப்பை அது அசினெட்டோபாக்டரில் அடைத்துவிடுகிறது, வெளியேற வழியின்றி உள்ளே தேங்கும் லிப்போபாலிசாக்கரைடே பாக்டீரியாவைக் கொல்கிறது.